தூங்கானை மாடம்

(திருக்குட நீராட்டு விழாச் சொற்பொழிவு)



கலசங்களின்மீது புனித நீர் சொரியப்பெறும் இத்திருநாளில் எல்லோருடைய கண்களும் வானை நோக்கியே நிற்கும். அது முறையே. ஆயினும் சிறிது பொழுது கீழ்நோக்கி, அக்கலசங்களைத் தாங்கி நிற்கும் கல்லையும், அதில் முன்னோர் பொறித்துச் சென்ற எழுத்தையும் காணுமாறு உங்களை அழைக்க விரும்புகின்றேன்.

கோயிற்கலையின் வரலாற்றை அறியக் காஞ்சிக்கும் தஞ்சைக்குந்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களே அதனைக் கற்பிக்கும். பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்று உண்டு. அவன் பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. இன்று அவ்விடம் இசுலாமிய அன்பர்கள் வழிபடும் தர்காவாக விளங்குகின்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே மூவர்க்கும் கோயில் எடுத்ததாக இம்மன்னன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் கூறுகின்றான். அவன் அங்ஙனம் எடுத்துக் கூறுவதனாலேயே, அதற்கு முன்னிருந்த கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்பது பெறப்படும். அவற்றிற் பல மழைக்கும் தீக்கும் இரையாயின. பாறையிற் குடைந்தது நிலைத்தது.

மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தின் பின்புறம் வளைந்திருக்கும். அதன் அருகிலேயே கல்யானை ஒன்று நிற்கின்றது. யானையின் பின்புறத்தையும் விமானத்தின் பின்புறத்தையும் ஒருங்கே காட்டிச் சிற்பி, உரையாசிரியர் வேண்டாதவாறு பொருள் விளக்கிவிட்டான்! வடமொழியாளர் கஜபிருஷ்டம் என்னும் இவ்வமைப்பினைத் தமிழர் தூங்கானை மாடம் என்றனர். திருப்பெண்ணாகடத்துத் திருக்கோயிலுக்கு அதுவே பெயர். தொண்டை மண்டலத்தில் இவ்வடிவம் பெரிதும் போற்றப்பட்டது. நம் மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும், மணிமங்கலத்துத் தருமேசுவரர் கோயிலும் சோழர் காலத்துத் தூங்கானை மாடங்களே. பௌத்தர்களின் பழைய சைத்தியங்களிலும், ஐஹொளெயின் துர்க்கைக் கோயிலிலும் இதே வளைவினைக் காணலாம். கலைவடிவம் ஒரு குலத்துக்கோ ஒரு சமயத்துக்கோ உரிய தனியுடைமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மணிமங்கலம் என்றதும் ஒரு போர் நினைவுக்கு வருகின்றது. அங்கேதான் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்றான் எனக் கூரம் செப்பேடு கூறும். பின்னர் 642ஆம் ஆண்டளவில் வாதாபியே பல்லவர் வசமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று பழிதீர்த்தான். ஆயின் கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீட்டளித்தான். அக்கோயிற் கல்லிலேயே அதனைக் கன்னடத்தில் பொறித்தும் வைத்தான். அவன் தேவி லோகமாதேவி பட்டதகல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெளிவாகத் தெரியும். வாள் எடுத்துச் சென்றவர் கலையைக் கற்றுத் திரும்பினர். அதே பட்டதகல்லில் வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரங்களும் அடுக்கடுக்காய் எழும் தென்னாட்டு விமானங்களும் அண்டை வீட்டாரைப் போல நிற்கின்றன.

தஞ்சையிலே விமானம் விண்ணளாவ ஓங்கியது. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், 1010ஆம் ஆண்டில், அதன் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். பின்னாளில் விமானம் அடங்கி, வாயிற்கோபுரம் ஓங்கியது. கிருட்டிணதேவராயர் 1509இல் எடுப்பித்த காஞ்சி ஏகாம்பரநாதர் கோபுரம் அதற்குச் சான்று. விசயநகர காலத்தில் தூண் ஒவ்வொன்றும் சிற்பச்சாலையாயிற்று. மாடம்பாக்கத்து மண்டபத்தூண்களிலும் அதனைக் கண்டு மகிழலாம்.

இவ்வாறு காலந்தோறும் கோயில்கள் மாறின, வளர்ந்தன. ஆதலின் திருப்பணி செய்தல் தவறன்று. எங்ஙனம் செய்வது என்பதே வினா. திருமழபாடியில் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அப்போது சுவரில் இருந்த கல்வெட்டுக்களை எல்லாம் முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். கட்டி முடிந்தபின், இராசேந்திரன் காலத்தில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. ஒரு விளக்குக்காக யாரோ ஓர் எளியவர் அளித்த ஆடுகளின் கணக்கும் அழியலாகாது எனப் பேரரசனே அஞ்சினான்!

நாமோ, மணலைக் காற்றின் விசையோடு பீய்ச்சிக் கல்லைத் துலக்கி, ஆயிரம் ஆண்டு எழுத்தை ஒரே நாளில் தேய்த்துவிடுகின்றோம். சுவரின்மேல் வண்ணக் குழம்பைப் பூசி மறைக்கின்றோம். பளிங்கு ஓடு பதித்துப் பழந்தளத்தைப் புதைக்கின்றோம். பத்திமையில் குறையில்லை, பொறுமையில்தான் குறை. திருப்பணிக் குழுவினர் எவ்வூரினராயினும், முதல் உளி ஓங்குமுன் கல்வெட்டறிஞரை அழைத்துப் படியெடுக்க வேண்டும். வலுவாக நிற்கும் பழங்கல்லைப் பெயர்க்கலாகாது. அதற்காகும் செலவும் இறைவனுக்குச் செய்யும் கைங்கரியமே.

கலசத்து நீர் இன்று வழிந்து கல்லில் இறங்கும். அக்கல்லில் உள்ள பெயர்களும் நம்மோடு சேர்ந்து அந்நீரில் நனையட்டும். எல்லாம்வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் பெருகுவதாக!