‘புகையான்’ எந்தப் பக்கம்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மென்பொருள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது மென்பொருள் கையேட்டின் பின்பக்கத்துச் சொல்லடைவு, அதாவது இண்டெக்ஸ். கம்பெனிகளில் கையேடு எழுதுவதே கடைசி வேலை. இண்டெக்ஸ் கடைசிக்கும் கடைசி!

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். சம்பாப் பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்து காய்கிறது. விவசாயி அதைப் ‘புகையான்’ என்பார். நூலில் ‘பழுப்புத் தத்துப்பூச்சி’ என்றிருக்கும். அடைவில் நூலின் பெயர் மட்டும் இருந்தால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். வயல் நீரை வடிக்கச் சொல்லும் பக்கம் உள்ளேயே இருக்கும், பயிர் போய்விடும். ஆகவே ‘புகையான்’ என்றும் வேண்டும். பெயரே தெரியாதவருக்காக ‘வட்டமாகக் காய்தல்’ என்றும் வேண்டும்.

மென்பொருளிலும் இதே கதைதான். யுனிக்ஸில் ஒரு ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கட்டளையின் பெயர் ‘கிரெப்’. அது தெரியாதவன் எங்கே போய்ப் பார்ப்பான்? 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தார் தங்கள் கையேட்டில் இதற்கு வழி செய்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ள ஒருவரி விளக்கத்தை எடுத்து, அதன் முக்கியச் சொற்கள் ஒவ்வொன்றையும் அகரவரிசையில் ஏற்றினார்கள். ‘தேடு’ என்று பார்த்தாலும் ‘ஃபைல்’ என்று பார்த்தாலும் கிரெப்புக்கு வந்து சேரலாம்.

இந்த அக்கறை நம் மண்ணுக்குப் புதிதல்ல. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சா., மூலமும் உரையும் அச்சிட்டால் போதும் என்று விடவில்லை. அரும்பத அகராதியும் கையாலேயே தொகுத்துச் சேர்த்தார்.

மாணவர்கள் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். ‘பிரிண்டர்’ என்று போட்டு 20 பக்க எண்களை அடுக்காதீர்கள். ‘இணைத்தல்’, ‘தாள் சிக்குதல்’ என்று பிரித்துக் கொடுங்கள். திரையில் வரும் பிழைச்செய்தியை அப்படியே ஏற்றுங்கள். வாடிக்கையாளர் போனில் கேட்கும் வார்த்தைகளை எழுதி வையுங்கள். அவைதான் உங்கள் தலைச்சொற்கள்.

“இப்பதான் கம்ப்யூட்டரே தேடித் தருதே?” என்பீர்கள். பிடிஎஃப் கையேட்டில் ‘அழி’ என்று தட்டிப் பாருங்கள். ‘நீக்கு’ என்று எழுதிய பக்கம் வராது. அந்த இரண்டையும் முன்கூட்டியே இணைத்து வைக்க ஓர் ஆள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுபோய், கேட்க ஆளில்லாமல் கையேட்டைப் புரட்டுகிறவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவருக்குத் தெரிந்த சொல் அதில் இருக்கட்டும்.