போர்வீரர்க்கு விமானக் கல்வி



படைத்தொழில் புரிந்து மீண்ட ஒருவன், அத்தொண்டிற்கு ஈடாக அரசாங்கத்தார் அளிக்கும் கல்வியுதவியைக் கொண்டு விமானம் ஓட்டக் கற்றல் என்பதே யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். இவ்வேற்பாடு அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு உரியது. அந்நாட்டுச் செய்தி நமக்கு எற்றுக்கு எனின், கூறுதும். கல்விக்கென ஒரு காசேனும் ஈவார் யாவரும் ஆராயவேண்டிய வினா ஒன்று இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. உதவிப்பொருள் எந்தப் படியில் தொடங்கவேண்டும் என்பதே அவ்வினா.

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ந் தேதி குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டமே இவ்வேற்பாட்டிற்கு வித்தாயிற்று. அதனை அந்நாட்டார் ஜீ.ஐ. மசோதா என வழங்குவர்; ஜீ.ஐ. என்பது படைவீரனைக் குறிக்கும் வழக்குச்சொல். பள்ளிச்சம்பளத்திற்கு ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரையிலும், ஊண் உறையுட்கு மாதந்தோறும் ஒரு தொகையும் அச்சட்டம் அளித்தது. ஏறத்தாழ 78 லட்சம் வீரர் அதனாற் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவருட் சிலர் விமானப் பள்ளிகளை நாடினர். வானிற் பறத்தல் யாருக்குத்தான் இனியதன்று? பிழைப்பின்பொருட்டன்றிப் பொழுதுபோக்கின்பொருட்டுக் கற்பாரும் மிகுந்தனர். ஆதலின் 1948-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் மகாசபையார், வெறும் பொழுதுபோக்கான பயிற்சிக்குப் பொதுப்பணம் செலவிடலாகாதென விலக்கினர். வியட்நாம் போர்க்காலத்தில், 1967-இல், விமானப் பயிற்சிக்கு மீண்டும் வழி பிறந்தது. செலவிற் பத்தில் ஒன்பது பங்கை அரசாங்கம் ஏற்றது. 1981-இல் அவ்வழி மறுபடியும் அடைபட்டது. இங்ஙனம் திறப்பதும் அடைப்பதுமாகவே இதன் சரித்திரம் நடந்து வந்திருக்கின்றது.

இப்பொழுது நடைமுறையிலிருப்பதிற் பெரியது 2008-இல் இயற்றப்பட்டு, 2009 ஆகஸ்டு முதல் நடந்துவரும் சட்டம். பொதுவாக 36 மாதக் கல்விக்கு அது பொருள் தருகின்றது. விமானி ஆகவிரும்பும் வீரனுக்கு இதன்கண் இருவழிகள் உள.

முதல்வழி, தனித்த விமானத்தொழிற் பள்ளியிற் சேர்தல். 2011 அக்டோபர் முதல் இதற்கும் பணம் கிடைக்கின்றது; ஆண்டுதோறும் இவ்வளவே என ஓர் உச்சவரம்பு உண்டு; வீட்டு வாடகைப்படி இல்லை. இவற்றினும் முக்கியமான நிபந்தனை ஒன்று உளது. சேரும்பொழுதே அவன் தனியார் விமானி லைசென்சும், இரண்டாம் வகுப்பு வைத்தியச் சான்றும் கையிற் கொண்டிருத்தல் வேண்டும். அந்த முதல் லைசென்சுக்குக் குறைந்தது 35 அல்லது 40 மணி நேரம் பறத்தல் வேண்டும். பெரும்பாலார்க்கு அதனினும் மிகுதியாகும். விமான வாடகை, எண்ணெய், ஆசிரியர் ஊதியம் என ஆயிரக்கணக்கான டாலர் தன் பையிலிருந்தே போதல் வேண்டும். ஏணி ஒன்று தரப்பட்டது. அதன் அடிப்படி மட்டும் இல்லை என்க.

இரண்டாம்வழி, அரசாங்கக் கல்லூரியில் விமானக்கலைப் பட்டத்திற்குப் பயிலுதல். அங்கே முதல் லைசென்சும் பாடத்திட்டத்தின் பகுதியாயின் அதற்கும் பணம் கிடைக்கும். உள்நாட்டு மாணவர்க்குரிய சம்பளம் முழுவதும் செலுத்தப்படும். விமானப் பயிற்சிக் கட்டணத்திற்கு உச்சவரம்பு இன்மையால், ஹெலிகாப்டர் பயிற்சிக்கு ஒரே மாணவனுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேலும் கணக்கெழுதப்பட்டதனை 2015-இல் பத்திரிகைகள் வெளியிட்டன. ஒரு வகுப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்தின்மேல் அரசாங்கப் பணத்தாற் பயில்வோர் இருத்தலாகாது என்னும் விதி இத்தகைய மிகையைத் தடுக்கவே எழுந்தது. தம் கைப்பொருளைக் கொடுத்துச் சேர்வார் சிலரேனும் இருப்பின், விலை நியாயமானதென அறியலாமன்றோ?

ஆக, ஒருவழியில் அடிப்படி இல்லை. மற்றொரு வழியில் உச்சி இல்லை. இவ்விரண்டாலும் நலிவுறுவான் யாவன்? படையில் விமானம் ஓட்டியவன் அல்லன். அவன் அரசாங்கச் செலவிலேயே பறக்கக் கற்றவன். பெரிய விமானக் கம்பெனிகளுக்கு வேண்டிய 1,500 மணி நேரமும் அவனுக்கு 750 ஆகக் குறைக்கப்படுகின்றது. விமானத்தைப் பழுதுபார்த்தவனும், சமையற்கூடத்தில் நின்றவனும், காவல் காத்தவனுமே நலிவுறுவார். அவன் பட்டம் பெற்றால் 1,000 மணி. பெறாவிடின் 1,500 மணி. தொழில்முறை லைசென்சோ 250 மணி அளவிற் கிடைத்துவிடும். எஞ்சிய மணிகளை அவன் பயிற்சியாசிரியனாகிப் பிறர்க்குக் கற்பித்தும், சிறு விமானங்களை ஓட்டியும் ஈட்டுதல் வேண்டும். கற்பித்தலே கல்வியை நிறைவிக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்றாதலின், ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு இது மகிழ்வு தருகின்றது.

முதல் லைசென்சைத் தன் பொருளாற் பெறுதலே ஒருவனது ஊக்கத்திற்கு அளவுகோல் என்பாரும் உளர். பொழுதுபோக்கினரை விலக்க ஒரு வேலி வேண்டும் என்பதனை யாமும் ஒப்புகின்றோம். ஆனால் அவ்வேலி அளப்பது ஊக்கத்தை அன்று, பணப்பையையே அளக்கின்றது. செல்வமுடையான் விளையாட்டாகவும் அதனைத் தாண்டுவான். வறியவன் பெருவிருப்பிருந்தும் வெளியே நிற்பான். ஊக்கத்தை அளக்க வேறு கருவி உண்டு. முதலில் வைத்தியச் சோதனை நடக்கட்டும். கண்ணும் செவியும் இதயமும் தகுதியற்றனவென்று பின்னர்த் தெரியின் செலவிட்டதெல்லாம் வீணாம். அடுத்து, சில மணி நேரப் பயிற்சிக்கு மட்டும் பொருள் தருக. ஆசிரியர் நற்சான்று தந்தால் மேலும் தருக. எழுத்துப் பரீட்சையில் தேறினால் எஞ்சியதைத் தருக. இருவழிக்கும் உச்சவரம்பு ஒன்றை அமைக்க. மேலே மிகையாகப் போவதைத் தடுப்பின், கீழே முதற்படி இடுதற்குப் பொருள் தானே மிஞ்சும் என்பது எம் துணிபு.

அன்பர்களே! கொடுப்பதனால் மட்டும் கொடை நிறைவுறாது. கொள்வான் நிற்கும் இடத்திற்கு அது இறங்கிச் செல்லுதல் வேண்டும். பாதி ஏறியவனுக்குக் கை கொடுத்தல் எளிது. தரையில் நிற்பவனுக்குக் கை கொடுக்கக் குனியவேண்டும். அவ்வாறு குனிதலே உதவியின் தொடக்கமாம்.