கத்திரி வெயிலுக்குப் பூக்கிற செடிகள்

சித்திரை பொறந்துட்டாப் போதும், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஸ்ரீவைகுண்டம்னு நம்ம ஆத்தோர ஊர்கள்ல எல்லாரும் கேக்கிறது இதுதான்: "வெயில் கொளுத்துது, பூச்செடிக்கு என்ன உரம் போடட்டும்?" இப்ப ஒண்ணும் போடாதீங்க. காஞ்ச மண்ணுல உரத்தைக் கொட்டினா வேர்தான் கருகும். கோடைப்பூவுக்கு உண்டான வேலையெல்லாம் கார்த்திகையில தொடங்கி தைக்குள்ளேயே முடிஞ்சிருக்கணும்.

மல்லியை எடுத்துக்கிடுங்க. அது புதுத்துளிர்லதான் மொட்டு வைக்கும். அதனாலதான் நவம்பர் கடைசியில தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுட்டு மேல கவாத்து பண்ணணும்னு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க சொல்றாங்க. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. அந்த நேரத்துல மழை பெஞ்சு செடி பச்சைப்பசேல்னு நிக்கும், யாருக்கும் வெட்ட மனசு வராது. வெட்டாம விட்டா பங்குனியில புதர்தான் இருக்கும், பூவைத் தேடணும். போன கார்த்திகையில விட்டவங்க இப்பப் போய் மொட்டையடிச்சிராதீங்க. ஒரு சுத்து பூ ஓஞ்சதும் நுனியை மட்டும் ரெண்டு கணு கிள்ளுங்க. பக்கத்துல துளிர் வெடிச்சு அடுத்த சுத்துக்கு மொட்டு வரும்.

அடுத்தது தண்ணி. மதியம் ரெண்டு மணிக்கு செம்பருத்தி இலையெல்லாம் தொங்கிக் கிடக்கும். பதறிப்போய் ஒரு குடம் ஊத்துவோம். அது பெரும்பாலும் தாகம் இல்ல. வேர் இழுக்கிற தண்ணியைவிட இலை வழியாப் போற தண்ணி அந்த நேரத்துல அதிகம், அவ்வளவுதான். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் தானா நிமிந்துதா, விட்டுருங்க. விடியக்காலம் பாக்கும்போதும் தொங்கிட்டு இருந்தாத்தான் அதுக்குத் தண்ணி வேணும். விரலை மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டுப் பாருங்க, ஈரம் தட்டுச்சுன்னா ஊத்த வேண்டாம். ஊத்துறதை விடியக்காலத்துல, இலை மேல படாம, தூர்ல ஊத்துங்க. மொட்டை மாடியில தொட்டி வச்சிருக்கவங்களுக்கு வேற தொந்தரவு: தரையும் சூடு, தொட்டியோட பக்கமும் சூடு. ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சு, சுத்தி ஒரு சாக்கைக் கட்டி நனைச்சு விடுங்க. நம்ம பக்கம் வாழைக்கா பஞ்சம்? காஞ்ச சருகை அள்ளிட்டு வந்து தூரை மூடுங்க. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

ஊருக்கு ஊர் மண்ணும் தண்ணியும் மாறும். தாமிரபரணிக் கரையில நமக்கு வண்டல். தெற்கே நாசரேத், சாத்தான்குளம் பக்கம் போனா தேரிச் செம்மணல், ஊத்தின தண்ணி நிக்காது. கிழக்கே கடல் பக்கம் போகப் போக போர்த்தண்ணி உப்புக் கரிக்கும். உப்புத்தண்ணியில மல்லி முக்கிக்கிட்டுத்தான் நிக்கும், அரளி கவலையே படாது. அரளி வைக்கிறவங்க ஆடும் சின்னப்பிள்ளையும் எட்டாத இடமாப் பாத்து வைங்க. அதோட இலை, பூ, பால் எல்லாமே விஷம்.

மல்லியில கொழுந்து இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயந்திரம் தெளிங்க. மொட்டுல ஓட்டை போட்டிருந்தா உள்ள புழு இருக்கு. அந்த மொட்டைப் பறிச்சு அழிக்கணும், செடிக்கடியில போட்டா திரும்ப வரும்.

இடமே இல்லாதவங்களுக்குப் பத்துமணிப்பூ. விரல் நீளத்துக்குத் தண்டை ஒடிச்சு மணல் கலந்த மண்ணுல குத்தினாப் போதும். நிழல்ல வச்சாத்தான் அது கோவிச்சுக்கிடும்.

இப்ப நம்ம ஊர்ப் பூவுக்கு வாறேன். நம்மாழ்வார் பிறந்த மண்ணுல இருந்துக்கிட்டு மகிழம்பூவைப் பத்திப் பேசாம இருக்க முடியுமா? வகுளாபரணர், மகிழ்மாறன்னு அந்தப் பூமாலையாலேயே அவருக்குப் பேரு. வைகாசி விசாகத் திருவிழாவுல ஒன்பது கருட சேவை பாக்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருது. நம்ம வீட்டு வாசல்ல வைக்கிறது என்ன? நர்சரியில மினுங்குற ஏதோ ஒரு வெளியூர்ச் செடி. எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான்.

மகிழம்பூவைக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா? சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், சந்தன வெள்ளை, நட்சத்திரம் மாதிரி விளிம்பு. மரத்துல ஏறிப் பறிக்க வேண்டாம், விடியக்காலம் தானா உதிர்ந்து கிடக்கும். உதிரும்போதே நடுவுல துளையோட விழும், ஊசி இல்லாமலே வாழைநார்ல கோத்துரலாம். வாடினாலும் வாசம் போகாது. காஞ்ச பூவைத் துணிக்குள்ள போட்டு வைக்கிற பாட்டிமார் இன்னும் இருக்காங்க.

இது மெதுவா வளர்ற மரம். பூக்கப் பல வருஷம் ஆகும், அதை மறைக்க விரும்பல. ஆனா வேர் பிடிச்சுட்டா கத்திரி வெயிலுக்கு அசையாது, வருஷம் முழுக்க நிழல். செம்மஞ்சளாப் பழம் விழுந்தா சதையைக் கழுவி, விதையை ரொம்ப நாள் வச்சிருக்காம உடனே போடுங்க. இல்லேன்னா கன்னு வாங்குங்க. சுவத்தை ஒட்டி வேண்டாம், பத்துப் பதினைஞ்சு அடி தள்ளி வைங்க. இப்பவே ரெண்டடிக்கு ரெண்டடி குழி வெட்டி வெயில்ல காயப்போட்டுருங்க. ஐப்பசியில ரெண்டு மழை விழுந்ததும் தொழுவுரம் கலந்து கன்னை இறக்கலாம்.