ஓடுபாதையை வெட்டிய ஊர்



அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரை ஒட்டி, பசிபிக் கடலோரத்தில் சான்டா மோனிகா என்றொரு ஊர். கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி அந்த நகராட்சிக்குச் சொந்தமான விமான நிலையம். பெரிய பயணிகள் விமானம் எதுவும் அங்கே இறங்காது. தொழிலதிபர்களும் சினிமாக்காரர்களும் வைத்திருக்கும் சொந்த விமானங்கள், வாடகை ஜெட்டுகள், ஓட்டக் கற்றுக்கொள்வோரின் சின்ன விமானங்கள்தான் வந்துபோகின்றன. 2028 டிசம்பர் 31 வரைதான் இதெல்லாம். அதற்குப் பிறகு நிலையத்தை மூடிவிட நகராட்சி முடிவு செய்திருக்கிறது.

விமான வரலாற்றில் அது லேசான இடமல்ல. டக்ளஸ் கம்பெனி கட்டிய நான்கு விமானங்கள் 1924 மார்ச்சில் அங்கிருந்துதான் சியாட்டில் போய், உலகைச் சுற்றக் கிளம்பின. வழியில் கல்கத்தாவில் மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை மாட்டிக்கொண்டார்கள். இரண்டு விமானங்கள் சுற்றி முடித்தன. நம் பெரியவர்கள் டகோட்டா என்று சொல்வார்களே, அந்த டிசி-3 ரகம் முதன்முதலில் பறந்ததும் அங்கேதான், 1935 டிசம்பர் 17 அன்று.

இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தின் கண்ணுக்குத் தப்ப, நிலையத்தை ஒட்டியிருந்த டக்ளஸ் தொழிற்சாலையின் மேல் கம்பி வலையை விரித்துக் கட்டினார்கள். அதன்மேல் மரச்சட்டத்தில் பொய் வீடுகள். கம்பியும் கோழி இறகும் சேர்த்துச் செய்து பச்சை பூசிய மரங்கள். ஹாலிவுட் ஸ்டுடியோ கலைஞர்களும் இந்த வேலையில் கைகொடுத்தார்கள். மேலிருந்து பார்த்தால் சாதாரணக் குடியிருப்பு மாதிரியே தெரியும்.

நிஜக் குடியிருப்பும் பக்கத்திலேயே வளர்ந்தது. தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்களுக்கு அருகிலேயே வீடுகள் எழுந்தன. சில வீடுகள் ஓடுபாதை முனையிலிருந்து ஏறக்குறைய 300 அடிக்குள் வந்துவிட்டன. டிசி-8 ஜெட்டுக்காக ஓடுபாதையை நீட்ட டக்ளஸ் கேட்டபோது ஊர் மறுத்தது. அந்த வேலை லாங் பீச்சுக்குப் போனது. 1970களில் தொழிற்சாலையும் மூடியது. வேலை போனது, சத்தம் போகவில்லை. சம்பளமும் இரைச்சலும் ஒரே இடத்திலிருந்து வந்தவரை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருவரின் ஜெட்டுக்காகத் தங்கள் குழந்தைகள் ஏன் புகையைச் சுவாசிக்கவேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஜெட்டுகளுக்கு நகராட்சி போட்ட தடை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 95 டெசிபல் வரம்பு, இரவில் புறப்படத் தடை என்று கட்டுப்பாடுகள் வந்தன. மத்திய விமானத் துறையோடு வழக்கு பல வருடங்கள் இழுத்தது. 2013 செப்டம்பரில் தரையிறங்கிய ஜெட் ஒன்று பாதையை விட்டு விலகி ஹேங்கரில் மோதி நால்வர் இறந்தார்கள். 2015-ல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் நின்று, பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார்.

2017 ஜனவரியில் நகராட்சிக்கும் மத்திய விமானத் துறைக்கும் உடன்பாடு வந்தது. 2028 முடிந்தபின் நகராட்சி நிலையத்தை மூடலாம் என்றானது. அதுவரை 4,973 அடி ஓடுபாதை 3,500 அடியாகக் குறைக்கப்படும். அந்த டிசம்பரிலேயே குறைத்தும் விட்டார்கள். வாடகை ஜெட் இறங்கவேண்டுமானால், ஓடுபாதையின் 60 சதவீத நீளத்துக்குள் நின்றாகவேண்டும் என்பது பொதுவான விதி. 3,500 அடியில் அது வெறும் 2,100 அடி. பெரிய ஜெட்டுகளால் முடியாது. பல வருட வழக்கு சாதிக்காததை இந்தக் கணக்கு சாதித்தது. ஜெட் போக்குவரத்து மளமளவென்று சரிந்தது.

ஆனால் ஜெட் வைத்திருப்பவர்கள் பறப்பதை நிறுத்தவில்லை. ஊரை ஒட்டிய மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் வான் நைஸ் விமான நிலையத்துக்குப் பலர் மாறினார்கள். அங்கே குடியிருப்பவர்களும் இப்போது இதே இரைச்சலுக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சான்டா மோனிகாவிலோ, காலியாகப்போகும் 227 ஏக்கரில் பூங்கா வேண்டுமா, வாடகை குறைந்த வீடுகள் வேண்டுமா என்று வாதம் நடக்கிறது. 2014-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, பூங்காவும் விளையாட்டிடமும் தவிர வேறு எது புதிதாகக் கட்டுவதானாலும் அவர்களிடமே மறுபடி வாக்குக் கேட்கவேண்டும்.