முகவரியும் வழியும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கஹவத்தையைக் கடந்தபின் வருவது கொடகவெல. அதன் அஞ்சற் குறியீடு 70160. இரத்தினபுரி நகருக்குரியது 70000. கொழும்பில் கடிதங்களைப் பிரிப்பவர் கொடகவெலயைக் கண்டிருக்க வேண்டியதில்லை. 70 என்ற தொடக்கத்தைக் கண்டு இரத்தினபுரிப் பையில் இட்டாற் போதும். எஞ்சியதை அங்குள்ளோர் கவனித்துக்கொள்வர்.

கணினி வலையமைப்பின் முகவரியும் இம்முறையைப் பின்பற்றுவதே. 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிப்படி, அது புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. 192.168.10.20 என்னும் முகவரியுடன் 255.255.255.0 என்ற மறைப்பெண்ணும் தரப்படின், முதல் மூன்று எண்கள் வட்டாரத்தையும் இறுதி எண் வீட்டையும் குறிக்கும். ஒரே வட்டாரத்தார் நேரே பேசிக்கொள்வர். வேறு வட்டாரத்துக்குரிய செய்தி நுழைவாயிலிடம் ஒப்படைக்கப்படும்.

நேயர்களே, இதில் இறுதி எண்ணின் அருமையைத் தோட்டத்து மக்களே நன்கறிவர். நெடுங்காலமாகப் பல தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே அனைவருக்கும் முகவரி. தப்பால்காரர் சுமந்துவரும் பை கந்தோரோடு நின்றுவிடும். ஒரே பெயருடையோர் நால்வர் இருப்பின், கடிதம் யாரிடம் சேரும்? நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த துயரம் மலையகத்துக்குப் புதியதன்று. இரு இயந்திரங்களுக்கு ஒரே எண்ணை வழங்கினாலும் இக்குழப்பமே நேரும்: செய்தி ஒருமுறை இங்கும் மறுமுறை அங்கும் செல்லும்.

சேமிப்பு இயந்திரத்திலோ இன்னுமொரு சிக்கல் உண்டு. கொடகவெலயில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் கணக்குகளின் பிரதியை இரவுதோறும் கொழும்பிலுள்ள இயந்திரத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம். கொழும்பு இயந்திரத்துக்கு இரு துவாரங்கள்: ஒன்று நிர்வாகத்துக்கு, மற்றது தரவுக்கு. தரவுத் துவாரத்தால் வந்த அழைப்புக்குரிய மறுமொழி, தனிவழி குறிக்கப்படாமையால், நிர்வாகத் துவாரத்தால் வெளியேறிவிடுகிறது. அங்குள்ள காவற்கருவி, தொடக்கத்தைக் காணாத உரையாடல் என்று அதைத் தடுத்துவிடுகிறது. கொடகவெல இயந்திரம் அழைத்தழைத்து ஓய்கிறது. போகும் வழி சரியே. திரும்பும் வழிதான் இல்லை. மூலப்பிரதி பழுதாகும் நாள்வரை இதை எவரும் உணராதிருக்கவும் கூடும்.

ஆதலின், தரவுக்கெனத் தனி வட்டாரம் அமைத்து, தொலைவிலுள்ள வட்டாரத்துக்குச் செல்லும் வழியை இரு முனைகளிலும் எழுதிவைத்தல் வேண்டும். சோதனையும் இரு முனைகளிலிருந்தும் நடைபெற வேண்டும். சிறு செய்தி சென்று மீண்டது கண்டு மகிழ்ந்துவிடுதல் ஆகாது. பெரிய பொதி இடைவழியில் தடைப்படுவதுண்டு.

முகவரிகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் அருகிலேயே வைப்பது, பழைய கணக்கப்பிள்ளையின் வழக்கமெனத் தோன்றலாம். இயந்திரம் நின்றுபோன நாளில், அதனுள்ளே பதிந்த பட்டியலை யார் திறந்து வாசிப்பது?