தொழிலும் வியாதியும்
(செம்மேட்டில் பேசியதன் சுருக்கம்)



மிளகு பறிக்க ஏணியில் ஏறுகிறவனுக்கு, கால் தவறினால் எலும்பு முறியும் என்று யாரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தை அனுபவமே கற்பித்து விடும். தெரியாத ஆபத்தை அறிந்தவர் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. ஆதலால்தான், தொழிலால் வரும் வியாதிகளைப் பற்றி வைத்தியருக்குப் படிப்பும் தொழிலாளிக்குப் பயிற்சியும் வேண்டும் என்கிறோம்.

இதுபோன்ற மலையூராகிய கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி நடத்திய வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே புழங்கியது பாதரசம். அதன் ஆவிக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. மூச்சோடு உட்சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது. தங்கள் வியாதிக்கு அதுவே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள், அல்லவென்றது கம்பெனி. 591 பேர் விஷயமாய்ச் சமரசம் ஏற்பட்டது 2016-ல்! வேலையில் சேர்ந்த நாள் முதற்கொண்டு, இத்துறையில் தேர்ந்த நடுநிலை வைத்தியர் சோதித்துக் குறித்த கணக்கு தொழிலாளியின் கையிலும் இருந்தால், இத்தனை வருஷம் வாதாட வேண்டியிருக்குமா?

இத்தாலி தேசத்து வைத்தியர் ராமசினி, நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன?’ என்று கேட்க வேண்டும் என 1700-லேயே எழுதி வைத்தார். இன்று எத்தனை வைத்தியர் அப்படிக் கேட்கிறார்கள்? அவர் கேளாததால், நாமும் கை நடுக்கத்தைத் தலைவிதி என்கிறோம். மயக்கத்தைச் சாமி குற்றம் என்று ஆடு வெட்டுகிறோம். விஷம் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகே, ஆபத்தைப் பற்றித் தகவல் பெறவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமையுண்டு என்று 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அவ்வளவு பிணம் விழுந்த பிறகா இந்தப் புத்தி வரவேண்டும்? அதுவுங்கூடத் தொழிற்சாலைக்குத்தானே! காட்டில் மருந்தடிக்கிறவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

ஆகையால் நாமே துவக்குவோம். பூச்சிமருந்துச் சீட்டிலுள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசி பச்சை. பச்சையும் விஷந்தான். இவ்விஷங்களில் பல, குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஏறும். மருந்தடித்த துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். சோப்புப் போட்டுக் குளித்த பின் தூக்குங்கள். மயக்கம் வந்தால் மருந்துப் புட்டியின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும், நீங்கள் செய்த வேலை இன்னதென்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.