பால் கவரில் ஒரு மிதியடி



காலையில் பால் கவரை வெட்டும்போது நகத்தளவு ஒரு துண்டு தெறித்து விழும். அதை யாரும் குனிந்து எடுப்பதில்லை. விளக்குமாறு அதை வாசலுக்குத் தள்ளும். வாசலில் இருந்து வாறுகாலுக்குப் போகும். நம் ஆய்க்குடியில் மழை பெய்தால் அது அனுமன் நதியில் சேரும். அங்கிருந்து சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணி, கடைசியில் புன்னைக்காயல் கடல். மட்காத அந்தத் துண்டு அத்தனை தூரமும் போகக்கூடியது.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. பால், எண்ணெய், மருந்து அடைத்து வரும் கவர்களுக்கு விலக்கு கொடுத்தது. பால் இல்லாமல் வீடு நடக்காதே! ஆகவே அந்தக் கவருக்கு வழி சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

முதல் காரியம், மூலையை முழுசாக வெட்டாதீர்கள். துண்டு கவரோடு ஒட்டியே இருக்கட்டும். பாலை ஊற்றியதும் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுங்கள். கழுவாத கவர் மறுநாளே நாறும். பழைய பேப்பர் கடைக்காரரும் முகம் சுளிப்பார்.

இனி கைவேலை. காய்ந்த கவரின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கத்தரித்தால் ஒரு குழாய் கிடைக்கும். அதைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் வெட்டினால் வளையம் வளையமாக வரும். பூத் தொடுக்கிற கைகளுக்கு அடுத்த வேலை எளிது. ஒரு வளையத்துக்குள் இன்னொன்றைக் கோத்து இழுத்தால் முடிச்சு விழும். கோக்கக் கோக்கச் சரம் நீளும். மூன்று சரத்தைச் சேர்த்து, பிள்ளைக்குச் சடை பின்னுவதுபோலப் பின்னுங்கள். அந்தப் பின்னலைச் சுருட்டிச் சுருட்டி, கோணி ஊசியால் தைத்தால் வட்டமான மிதியடி. நாளுக்கு இரண்டு அரை லிட்டர் கவர் வாங்கும் வீட்டில் ஒரு மாதத்தில் சேரும் அறுபது கவர் ஒரு மிதியடிக்கு ஏறக்குறையப் போதும். தண்ணீர் பட்டாலும் உதறிவிட்டுப் போடலாம்.

இது நமக்குப் புதிய புத்தி அல்ல. சிரட்டை அகப்பையானது. ஹார்லிக்ஸ் பாட்டில் பொடி வைக்கும் பாட்டிலானது. பழைய செய்தித்தாள் மைதாப் பசையில் மளிகைக் கடைப் பொட்டலமானது. இரண்டு காலித் தீப்பெட்டியும் ஒரு நூலும் பிள்ளைகளுக்கு டெலிபோன் ஆயின. இவை எதையும் அலங்காரத்துக்காகச் செய்யவில்லை, தேவைக்குச் செய்தார்கள். நாமும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியை அழகாக்கப் புதிதாகப் பெயிண்டும் பளபளப்புத் தாளும் வாங்கினால், ஒரு குப்பையைக் குறைக்க இரண்டு குப்பையைக் கூட்டியவர்கள் ஆவோம்.

கைத்தொழிலின் அருமையை ஆய்க்குடிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் இந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். மாற்றுத்திறனாளிகள் அங்கே கல்வியும் சிகிச்சையும் பெறுகிறார்கள்; தையல் போன்ற தொழில்களும் கற்கிறார்கள். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தானே ஒரு பொருளைச் செய்து முடித்தவருக்கு வரும் நிமிர்வை, அந்தச் சங்கத்தைக் கண்ட ஊர் அறியும்.

அந்த நிமிர்வு நம் வீட்டிலும் வரட்டும். சடை பின்ன ஓடியாட வேண்டாம். முழங்கால் வலியால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி பின்னட்டும். பேத்தி வளையம் வெட்டிக் கொடுக்கட்டும். சாரல் காலத்துச் சாயங்காலங்கள் இதற்கென்றே அமைந்தவை.

நாளைக் காலை பால் கவரை வெட்டும்போது, மூலைத்துண்டைக் கவரோடு விட்டுவையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.